நீரிணை ஏரியாகாது

மலேசியத் தமிழரிடையே ஐயத்துக்கு இடமின்றி வழங்கிவரும் கருத்து ஒன்று உண்டு. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திர சோழன் கடல்கடந்து படையனுப்பிக் கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, வென்றான். அன்றுமுதல் மலாக்கா நீரிணை, அதாவது மலாயாத் தீபகற்பத்துக்கும் சுமத்திராத் தீவுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய கடல்வழி, தமிழர் ஆளுகைக்குள் வந்தது. வங்கக்கடல் சோழர் ஏரியாயிற்று. கெடா மாநிலத்தின் பூஜாங் பள்ளத்தாக்கில் காணும் கோயில் அடித்தளங்கள் சோழர் கட்டியவை. பேராக்கின் புருவாஸ் வட்டாரத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் கங்கா நகரம் சோழன் அழித்த தலைநகரம். மலாக்கா என்னும் பெயரே இந்திய மண்ணிலிருந்து போனது. ஆகவே தமிழர் இந்நாட்டுக்கு வேலையாட்களாக வந்தவர் அல்லர், ஆண்டவராக வந்தவர். பேராக்கின் ஈப்போவிலும் தெலுக் இந்தானிலும் திருவிழா மேடைகளில் முழங்குவதும், இளைஞர்களின் பனியன்களில் புலிக்கொடியாகப் பறப்பதும் இதுதான்.

இக்கருத்தின் அடிப்படை பொய்யன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் பொறித்துள்ள இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் வெற்றிகளை வரிசைப்படுத்திக் கல்வெட்டின் தொடக்கத்தில் நிற்கும் புகழுரை, சுமத்திராவின் ஸ்ரீவிசயம் முதல் கடாரம் வரை பதின்மூன்று இடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பதோடு, கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் யானைகளோடு பிடிபட்டதையும், அவனது கருவூலமும் வித்தியாதர தோரணம் என்ற அணிவாயிலும் கைப்பற்றப்பட்டதையும் சொல்கிறது. படையெடுப்பு நடந்தது. அதை நம்புகிறவர்களின் உணர்வும் இகழத்தக்கதன்று. மூன்று தலைமுறைகளாகப் பால்மரம் வெட்டிய ஒரு மக்களைத் ‘தோட்டக் கூலிகள்’ என்ற ஒற்றைச் சொல்லில் பிறர் அடக்கும்போது, அதற்கு எதிர்ச்சொல்லாக ஒரு பேரரசனை நிறுத்துவது இயல்பே. ஆனால் ஒரு படையெடுப்பிலிருந்து ஓர் ஆட்சியையும், அவ்வாட்சியிலிருந்து ஒரு கடலின் உரிமையையும், அவ்வுரிமையிலிருந்து ஓர் இனத்தின் மதிப்பையும் வருவிக்கும் படிகள் ஒவ்வொன்றும் உளுத்தவை.

1. வென்றான் என்பதற்குச் சான்றுண்டு. ஆண்டான் என்பதற்குச் சான்று எங்கே? சோழர் ஒரு நாட்டைப் பிடித்து ஆண்டால் என்னென்ன தடயம் விடுவார்கள் என்பது தெரியாத செய்தியன்று. ஈழமே அதற்கு அளவுகோல். அங்கே அவர்கள் பிடித்த பகுதிக்கு மும்முடிச் சோழ மண்டலம் என்று பெயரிட்டார்கள். பொலன்னறுவையைச் சனநாதமங்கலம் ஆக்கினார்கள். கருங்கல்லில் சிவன் கோயில் எழுப்பினார்கள். நிலம், வரி, விளக்கெரிக்க விட்ட கால்நடை, காசு என அன்றாட நிருவாகத்தின் சிறு கணக்குகளையும் தமிழில் கல்லில் வெட்டி வைத்தார்கள். நீரிணையின் கிழக்குக் கரையில் இவற்றுள் எது இருக்கிறது? கெடாவிலோ பேராக்கிலோ சோழ மண்டலப் பெயர் இல்லை, வளநாட்டுப் பிரிவு இல்லை, வரிவிதிப்புக் கல்வெட்டு இல்லை, சோழ அதிகாரி ஒருவரின் பெயர்கூட இல்லை. எல்லாவற்றையும் கல்லில் எழுதும் பழக்கமுள்ள அரசு ஒன்று இங்கே மட்டும் மௌனமாக இருந்து ஆண்டது என்று சொல்வோர், அந்த மௌனத்துக்கு விளக்கம் தரக் கடமைப்பட்டவர்கள்.

சோழரின் சொந்தச் சொற்களே இக்கருத்துக்கு எதிர்ச்சாட்சி சொல்கின்றன. இராசேந்திரனின் மகன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, 1068ஆம் ஆண்டளவில் கடாரத்தை மீண்டும் வென்று, அடிபணிந்து வேண்டிய அரசனுக்கே அதைத் திருப்பிக் கொடுத்ததாகக் கூறுகிறது. ஏற்கெனவே ஆட்சிக்குள் இருந்த நாட்டை மறுபடி வெல்ல வேண்டியதில்லை, திருப்பிக் கொடுத்த நாட்டைத் தொடர்ந்து ஆளவும் முடியாது. 1090இல் முதலாம் குலோத்துங்கன் வெளியிட்ட சிறிய லெய்டன் செப்பேடு இன்னும் தெளிவானது: கடாரத்து அரசன் அனுப்பிய தூதர் இருவர் வந்து கேட்டுக்கொண்டதன்பேரில் நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிகளின் ஊர்களுக்கு வரிவிலக்கு அளிக்கப்படுகிறது. தூதரை அனுப்புகிறவன் இன்னொரு நாட்டின் அரசன்.

2. ஒரு கடலை ஏரியாக்க எத்தனை துறைமுகங்களில் ஆண்டு முழுவதும் ஆள் நிற்க வேண்டும்? ‘சோழர் ஏரி’ என்பது சோழர் கல்வெட்டில் காணும் சொல்லன்று. இருபதாம் நூற்றாண்டு வரலாற்றெழுத்தில் பரவிய உருவகம். அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வோர் காற்றை மறந்துவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் சோழமண்டலக் கரையிலிருந்து கிழக்கே வந்த கலங்கள், திரும்பிப் போக வடகிழக்குக் காற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். பாய்மரக் காலத்தில் இதற்கு விலக்குப் பெற்ற அரசன் எவனும் இல்லை. மலாய்மொழியினர் இந்தியாவையும் அதற்கு மேற்கேயுள்ள நாடுகளையும் ‘காற்றுக்கு மேலுள்ள நாடுகள்’ என்றும், தங்கள் நாடுகளைக் ‘காற்றுக்குக் கீழுள்ள நாடுகள்’ என்றும் அழைத்ததே, இக்கடலின் மெய்யான அதிகாரி யார் என்பதைச் சொல்லும். ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமுள்ளதும், வடக்கு வாயிலில் மிக அகன்று தெற்கே சிங்கப்பூரை ஒட்டி மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாகக் குறுகுவதுமான இந்த வழியைக் கட்டுப்படுத்த, இரு கரைகளிலும் நிலையான தளங்கள் வேண்டும். அப்படியொரு தளத்தைச் சோழர் வைத்திருந்ததற்குத் தடயம் இல்லை. படையெடுப்பு நடந்து மூன்றே ஆண்டுகளில், 1028இல், ஸ்ரீவிசயத்திலிருந்து சீன அரசவைக்குத் தூது போயிருக்கிறது. கடல்வழி கைமாறியிருந்தால் அந்தக் கப்பல் எப்படிப் போயிற்று?

நிலையான தளம் வைத்தவர்களின் கதையைப் பார்ப்பதும் பயன் தரும். அது தெலுக் இந்தானுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. பேராக்கின் ஈயத்தைத் தங்கள் தனியுரிமையாக்க விரும்பிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி, பங்கோர்த் தீவின் கிழக்குக் கரையில் 1670இல் கோட்டை கட்டியது; 1690இல் அது தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மலாக்கா நகரைக் கையில் வைத்திருந்து, ஆண்டு முழுவதும் ஆயுதக் கப்பல்களை ஓட்டி, ஒவ்வொரு பாரம் ஈயத்துக்கும் கணக்கெழுதிய கம்பெனியாலேயே பேராக் ஆற்றின் கழிமுகத்தை முழுதாக அடைக்க இயலவில்லை. இன்று செங்கற்சுவராக நிற்கும் அந்தக் கோட்டையைச் சுற்றி நடக்கச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சிறு பரப்பைக் கண்ணால் கண்டவர் எவரும், ஒரு பருவத்தில் வந்து திரும்பிய படை ஒன்று இக்கடல் முழுவதையும் ஆண்டது என்று சொல்லத் தயங்குவார்.

3. பெயரை வைத்து உரிமை கேட்போர் பெயரின் வயதைப் பார்த்தார்களா? மலாக்கா என்பது நெல்லி மரத்தின் மலாய்ப் பெயர். வடமொழியின் ஆமலகம் என்ற சொல்லோடு அதற்கு உறவுண்டு. நகரை நிறுவிய அரசன் அந்த மரத்தடியில் நின்றபோது, சருகுமான் ஒன்று தன்னைத் துரத்திய வேட்டைநாயை உதைத்துத் தள்ளக் கண்டு, அந்த இடத்துக்கு மரத்தின் பெயரையே வைத்தான் என்று ‘செஜாரா மெலாயு’ என்ற மலாய் வரலாற்று நூல் சொல்கிறது. இதிலிருந்து கிடைப்பது என்ன? சொல் வடமொழி வழியாக மலாய்க்குள் வந்தது என்பது மட்டுமே; சோழனோ தமிழ்க் கப்பலோ இக்கதையில் இல்லை. அந்நகரம் தோன்றியது 1400ஆம் ஆண்டையொட்டி. நீரிணை தன் பெயரை நகரத்திடமிருந்து பெற்றது அதற்கும் பின்னர். இராசேந்திரனுக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் பிற்பட்ட பெயர் ஒன்று அவனுக்காகச் சாட்சி சொல்ல வர முடியாது. மலாக்கா பிறப்பதற்கு வெகுமுன்பே அரபு எழுத்தாளர் இக்கடலைக் குறித்த ‘சலாஹித்’ என்ற பெயர், ஒடுங்கிய நீர்வழியைக் குறிக்கும் ‘செலாட்’ என்ற மலாய்ச் சொல்லின் திரிபு என்று கருதப்படுகிறது. அதாவது பழைய பெயரும் இக்கரையில் வாழ்ந்தோர் வாயிலிருந்தே பிறந்தது.

கடாரம் என்ற பெயரும் அப்படியே. தமிழர் கடாரம் என்றும் கிடாரம் என்றும் எழுதினார்கள்; வடமொழியில் கடாகம்; சீனப் பயணிகள் தங்கள் ஒலியில் வேறு விதமாக எழுதினார்கள். ஊர் ஒன்றுதான், அழைத்த வாய்கள் பல. பட்டினப்பாலையில் வரும் காழகம் என்பதற்கு நச்சினார்க்கினியர் கடாரம் என்று உரை எழுதியிருப்பது, தமிழ்த் துறைமுகத்தில் அந்த ஊர்ச்சரக்கு அறிமுகமாகியிருந்தது என்பதைக் காட்டக்கூடும். அந்த ஊர் தமிழருடையது என்பதைக் காட்டாது.

பெயருக்கும் உடைமைக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு மெல்லியது என்பதைத் தெலுக் இந்தான் மக்களுக்கு வேறு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பேராக் ஆறு கடலை நோக்கிப் போகும் வழியில் பெரிதாக வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கும் இவ்வூர், அந்த வளைவினாலேயே ‘தெலுக்’ ஆயிற்று. மாக் இந்தான் என்ற பெண்மணியின் பெயரால் வழங்கியதாக ஊர்மரபு கூறும் இடத்துக்கு, ஆங்கிலேயர் தங்கள் அதிகாரி ஆர்ச்சிபால்ட் ஆன்சனின் பெயரைச் சூட்டித் தெலுக் ஆன்சன் என்றார்கள். 1982இல் பழைய பெயர் திரும்பியது. முதியவர்கள் இன்றும் பேச்சுவாக்கில் ஆன்சன் என்று சொல்வதுண்டு. அதனால் ஊர் ஆன்சனுடையது ஆகிவிடுமா? பெயர்ப்பலகையில் எழுதிய அதிகாரம் போனதும் பெயரும் போயிற்று, ஆற்றின் வளைவு அப்படியே இருக்கிறது. இராசேந்திரனின் பெயரோ பெயர்ப்பலகையில்கூட ஏறவில்லை.

4. கங்கா நகரத்தை யார் எப்போது எழுதினார்கள்? மெய்க்கீர்த்தியின் பதின்மூன்று பெயர்களில் கங்கா நகரம் இல்லை. இராசா சூரன் என்பவன் அதை அழித்ததாகச் சொல்வது ‘செஜாரா மெலாயு’. இந்நூலின் பரவலாக அறியப்பட்ட வடிவம் 1612இல் உருவானது, அதாவது படையெடுப்புக்கு ஏறத்தாழ 590 ஆண்டுகளுக்குப் பின். அதே இராசா சூரன் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலடிக்குப் போய் அங்குள்ள அரசனின் மகளை மணக்கிறான். அவனது வழி மாவீரன் அலெக்சாந்தருக்குப் போகிறது. இது பெரும் இலக்கியம். மலாய் அரசமரபு தன்னை உலகின் மூத்த அரசுகளோடு எப்படி இணைத்துப் பார்த்தது என்பதை அறிய இதைவிடச் சிறந்த நூல் இல்லை. ஆனால் கடலடித் திருமணத்தைக் கதை என்று தள்ளிவிட்டு, அடுத்த பக்கத்தில் வரும் நகர அழிவை மட்டும் வரலாறு என்று எடுப்பது ஆய்வுமுறையாகாது.

5. பூஜாங் பள்ளத்தாக்கின் கட்டடங்கள் யார் கை வேலை? இராசேந்திரனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கே குடியிருப்பு இருந்தது. இன்றைய செபராங் பிறையில் 1834இல் கண்டெடுக்கப்பட்ட புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவனின் கல்வெட்டு ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்பட்டுள்ளது. பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகள் அகழ்ந்து எடுக்கப்பட்டுள்ளன. சைவம், பௌத்தம் இரண்டும் கலந்து நிற்கும் அந்தச் சண்டிகள், அதாவது மலாய்மொழியில் பழங்கோயில்களைக் குறிக்கும் பெயருடைய கட்டடங்கள், உள்ளூர்க் கல்லிலும் செங்கல்லிலும் அடித்தளம் இட்டு, கல்லில் குழித்த பள்ளங்களில் மரத்தூண் நாட்டி, மேலே அழியும் பொருளால் கூரை வேய்ந்தவை. தஞ்சையின் கல்விமானத்தோடு இவற்றுக்கு ஒப்புமை குறைவு. இந்தியாவிலிருந்து தெய்வத்தையும் எழுத்தையும் ஏற்று, தங்கள் மரவேலையில் தங்கள் கோயிலைக் கட்டிய ஒரு மக்களின் ஆற்றல் அது. அதைச் சோழன் கணக்கில் எழுதுவது அவர்களிடமிருந்து பறிப்பதாகும். இதற்கிடையில் 2013இல் 11ஆம் எண் சண்டி நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டுவிட்டது. சோழன் கட்டியதா என்ற வாதத்தில் செலவான மூச்சில் ஒரு பங்கு, அந்தக் கற்களைப் பதிவுசெய்து வேலியிடக் கோருவதில் செலவாகியிருக்கலாம்.

6. படையெடுப்பு உரிமை தருமானால் அந்த உரிமை யாருக்கெல்லாம் போகும்? இந்தக் கேள்வியை வெற்றிக்கதை சொல்வோர் இறுதிவரை பின்தொடர்வதில்லை. 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள்; 1641இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள்; 1874 சனவரி 20இல் பங்கோர்க் கரையோரம் புளூட்டோ என்ற கப்பலில் வைத்துக் கையெழுத்தான உடன்படிக்கையால் ஆங்கிலேயர் பேராக்குக்குள் நுழைந்தார்கள். கம்பாரில் கடும் சண்டை நடந்துகொண்டிருந்த 1942 சனவரித் தொடக்க நாட்களில், ஜப்பானியர் சிறுபடகுகளில் மேற்குக் கரையோரமாகவே தெற்கே வந்து ஊத்தான் மெலிந்தாங்கிலும் தெலுக் ஆன்சனிலும் இறங்கி, பிரிட்டிஷ் படையைப் பின்னாலிருந்து வளைக்கப் பார்த்தார்கள். அதனால் கம்பார் கைவிடப்பட்டது. தெலுக் இந்தான் கண்ணால் கண்ட கடற்படை வரலாறு இதுதான். கடாரம் வென்றதுபோல இதுவும் கடல்வழியே நடந்த, திறமையான, வெற்றிபெற்ற படையெடுப்பு. அந்த வெற்றியாளர்கள் பின்னர் இந்நாட்டுத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைச் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பாதவர் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. படகில் வந்து பிடித்ததனால் இந்த ஆற்றங்கரை ஜப்பானுடையது என்று எந்தத் தமிழரும் ஏற்கமாட்டார். ஏற்கத்தகாத அந்த வாதத்தையே புலிக்கொடி ஏற்றிச் சொன்னால் மட்டும் எப்படி ஏற்கத்தக்கதாகும்? தவிரவும், ‘எங்கள் மூதாதையர் உங்களை வென்றார்கள்’ என்று அண்டைவீட்டாரிடம் சொல்கிறவர், ‘அப்படியானால் நீங்கள் வந்தேறிப் படையினர்’ என்ற மறுமொழிக்குத் தாமே வாயில் திறக்கிறார். குடியுரிமைக்கும் தாய்மொழிப் பள்ளிக்கும் இம்மண்ணில் உழைத்தவர் என்ற நிலையில் நின்று வாதிடும் ஒரு சமுதாயத்துக்கு இதைவிடக் கேடான ஆயுதம் வேறில்லை.

7. வெற்றிக்கதை எதை மறைக்கிறது? எல்லா மறுப்புகளிலும் கனமானது இது. சோழன் வருவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில், இன்றைய தென் தாய்லாந்தின் தக்குவா பாவில் தமிழர் ஒரு குளம் வெட்டி, அதற்கு அவனிநாரணம் என்று பெயரிட்டு, மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரின் காவலில் விட்டதைத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. அங்கே தமிழ் அரசு எதுவும் ஆளவில்லை. அயல்மண்ணில் முதலில் குளம் வெட்டியவர்களின் மனநிலையை நினைத்துப் பார்க்க வேண்டும்: தங்கிக் குடிக்க நீர், குளிக்கப் படித்துறை, அதைக் காக்க ஆட்கள். 1088இல் சுமத்திராவின் மேற்குக் கரையில், நீரிணைக்கு வெளியே கர்ப்பூரத்துக்குப் பேர்போன பாருசில், ஐந்நூற்றுவர் என்னும் பெருவணிகக் குழு வெட்டிய தமிழ்க் கல்வெட்டு, கப்பல் தலைவனான மரக்கல நாயன் முதலியோர் கத்தூரி விலைக்கு ஏற்பப் பொன்னில் கட்டணம் செலுத்திய பிறகே பாவாடையில், அதாவது விரித்த துணியில், கால்வைக்க வேண்டும் என்று விதிக்கிறது. வரியும் விதியும் உண்டு, அரசன் இல்லை. அந்தக் கல்லைப் படிக்கும்போது துறைமுகத்தில் பொன் நிறுக்கும் தராசின் ஒலியே கேட்கும்.

பின்னர் மலாக்கா சுல்தானியத்தில் துறைமுகத்தை நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைத் தலைவர்கள், பங்கிட்டுப் பார்த்தபோது, சோழமண்டலக் கரை வணிகர் அவர்களுள் ஒருவரின் பொறுப்பில் இருந்தனர். போர்த்துக்கீசியர் நினா சத்து என்று எழுதிய தமிழ் வணிகர் 1511க்குப் பின் அந்நகரின் பெண்டஹாராவாக, அதாவது முதன்மை அதிகாரியாக, அமர்த்தப்பட்டார். அவர் படையெடுத்து வந்தவர்களுக்குத் துணைநின்று அப்பதவியைப் பெற்றவர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. வணிகர் வரலாறும் மாசற்றதன்று. அதற்கும் பின்னர் நாகூர், நாகப்பட்டினக் கரைகளின் மரைக்காயர் கப்பல்கள் கெடாவுக்குத் துணி ஏற்றிவந்து யானையும் ஈயமும் ஏற்றிச் சென்றன. ஆயிரம் ஆண்டுகளாக அறுபடாத இத்தொடர்பை ஒற்றைப் படையெடுப்பின் நிழலில் மறைப்பது, பெரிய பெட்டகத்தை விற்று ஒரு கத்தியை வாங்குவது போன்றது.

கூலி என்ற சொல்லுக்கு அஞ்சி அரசனிடம் ஓடுவோர், இக்கடலின் இரு கரைகளையும் இணைத்த ஒரு கட்டடத்தின் கதையையாவது கேட்க வேண்டும். படையெடுப்புக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னர், கடாரத்துக்கும் ஸ்ரீவிசயத்துக்கும் அரசனாயிருந்த மாற விசயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணிவர்ம விகாரத்தை எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை முதலாம் இராசராசன் வழங்கினான். அக்கொடையைச் சொல்லும் பெரிய லெய்டன் செப்பேடு இருபத்தொரு ஏடுகளும் சோழ முத்திரை பதித்த வளையமுமாக, ஒருவர் தூக்கத் திணறும் கனத்தோடு இருக்கிறது. அந்த விகாரத்தின் எச்சமாகக் கருதப்பட்டதும், கடலோடிகள் கரைக்கு அடையாளமாகக் கொண்டதுமான மூன்றடுக்குச் செங்கற்கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. அதற்கு முந்திய பல ஆண்டுகளில், பினாங்கு வட்டாரக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். கரை மறையும்வரை அவர்கள் திரும்பிப் பார்த்திருந்தால், கடைசியாகக் கண்ணில் பட்டது கடாரத்து அரசன் கட்டியதாகக் கருதப்பட்ட கோபுரமாக இருந்திருக்கும். அவர்கள் போய் இறங்கியது அவனது பழைய நாட்டின் கரையில்.